இரண்டாவது கிளாஸ்

பூமியின் தென்கோடியில் இருக்கிற மட்டவுரா ஊரில் நெவில் டல்லக்கின் பீரைக் குடிக்காதவர்கள் குறைவு. இரண்டாவது கிளாஸ் கேட்டவர் ஒருவர்கூட இல்லை. பத்தொன்பது வருடங்களாக இதுதான் நிலவரம். ஆனால் நெவிலுக்கு அது ஒருபோதும் உறைத்ததில்லை. ஒருவருக்கு அவசர வேலை, இன்னொருவருக்கு வண்டி ஓட்ட வேண்டும், மற்றவருக்கு வயிறு சரியில்லை என்று அவர் மனதார நம்பிக்கொண்டிருந்தார். அப்படியொரு மனிதர். இறைச்சித் தொழிற்சாலையில் நாளெல்லாம் கத்தி பிடித்து எலும்பு நீக்குகிற வேலை. வாயில் எந்நேரமும் ஒரு சீட்டி.

வீட்டில் பீர் போடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கடையில் டப்பா விற்கும். அதற்குள் முளைகட்டிய பார்லியின் பாகு, தார் மாதிரிக் கெட்டியாக, ஹாப் பூவின் கசப்போடு இருக்கும். அதை வெந்நீரில் கரைத்து, ஒரு கிலோ சர்க்கரை போட்டு, பீப்பாயில் ஊற்றி, தண்ணீர் விட்டு நிரப்பி, டப்பா மூடிக்கு அடியில் இருக்கிற ஈஸ்ட்டைத் தூவி, வெந்நீர் அலமாரிக்குள் தள்ளிவிட வேண்டும். வீட்டு வெந்நீர்த் தொட்டி நிற்கிற அந்த அலமாரியில்தான் ஊரே துணியை உலர்த்தும், ஊரே பீரையும் வைக்கும். அந்தச் சூட்டில் ஆறே நாளில் பொங்கி அடங்கிவிடும். நெவில் இதில் தன் கைவரிசையையும் காட்டினார். ஒரு கிலோவுக்குப் பதில் இரண்டு கிலோ சர்க்கரை! போதை ஏறத்தான் செய்தது. ஆனால் அழுகின ஆப்பிளைப் பிழிந்து தண்ணீர் கலந்த மாதிரி ஒரு ருசி. மறுநாள் காலையில் தலை இரண்டாகப் பிளந்துவிடும்.

அவர் மனைவி ஷோனாவின் அண்ணன் அலிஸ்டர் மட்டும் பொய்ச்சாக்கு சொல்ல மாட்டார். கிளாஸோடு வெளியே நடந்து, வெயில் படாத தெற்குச் சுவரோரம் நிற்கிற ஹைட்ரேஞ்சியா செடிக்கு அடியில் கவிழ்த்துவிட்டு வருவார்.

"மாப்ள, இவ்ளோ பெரிய பூ ஊர்ல வேற எங்கயும் இல்ல. உன் பீர் செடிக்கு ஒத்துக்குது, மனுசனுக்குத்தான் ஒத்துக்கல."

"உனக்கு நாக்கு செத்துப்போச்சு மச்சான்" என்பார் நெவில். சீட்டி தொடரும்.

தொண்ணூற்றொன்றாம் வருடம் ஜூன் மாதம் அந்தச் சீட்டி நின்றது. மகள் ரோவீனாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அக்டோபரில், மாப்பிள்ளை வீட்டுப் பண்ணையில், ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கிற கொட்டகையிலேயே விருந்து.

"பீரப் பத்தி யாரும் கவலப்படாதீங்க. அதுக்குத்தான் நான் இருக்கேனே" என்றார் நெவில்.

ரோவீனா அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஜன்னலைப் பார்த்தாள்.

"அப்பா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பீர் மட்டும் வேணாம்."

"ஏம்மா?"

"நூறு பேர் வராங்கப்பா. முத வாய் குடிச்சதும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துப்பாங்க. உங்கள வச்சுச் சிரிப்பாங்க. என்னால அதத் தாங்க முடியாது."

பீர் மோசம் என்று சொல்லியிருந்தால் நெவில் தட்டிவிட்டிருப்பார். தனக்காக மகள் வெட்கப்படப் போகிறாள் என்பது நெஞ்சில் தைத்துவிட்டது. அந்தத் தென்கோடியில் ஜூன் என்றால் குளிர்காலம், வெட்ட ஆடு வராததால் தொழிற்சாலையும் மூடிக் கிடந்தது. இரண்டு நாள் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மூன்றாம் நாள் மகளோடு தொலைபேசியில் பேசினார்.

"ஒரே ஒரு தடவ, ரோவீனா. ஆகஸ்ட்ல அம்மா பொறந்தநாளுக்கு எல்லாரும் வருவீங்கல்ல? அன்னிக்குக் குடிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணு."

அவள் யோசித்தாள். "சரி. அலிஸ்டர் மாமா தானா வாயத் தொறந்து ரெண்டாவது கிளாஸ் கேக்கட்டும். கேட்டா கல்யாணத்துக்கு உங்க பீர்தான். ஆனா மாமாகிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாது."

நெவில் போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னதும், "அண்ணன் கேட்ட மாதிரிதான்!" என்றாள் ஷோனா, அடுப்படியிலிருந்து.

மறுநாள் காலையிலேயே நெவில் இன்வர்கார்கில் நகரத்துக்கு வண்டியை விட்டார். அங்கே பீர்ச் சாமான் கடை வைத்திருந்த வெர்னா, எடுத்த எடுப்பில் கேட்டது ஒரே கேள்வி.

"சர்க்கர எவ்ளோ போடுறீங்க?"

"ரெண்டு கிலோ."

"பீர் போடுறீங்களா, ஜாம் காய்ச்சுறீங்களா?"

நெவிலுக்கு முகம் சிவந்தது. ஆனாலும் கேட்டுக்கொண்டார். சர்க்கரை போதையை மட்டும் ஏற்றும், ருசிக்கு ஒன்றும் தராது, நாக்கில் பீர் தண்ணீராகத்தான் நிற்கும் என்றாள் வெர்னா. போதையோடு ருசியும் வேண்டுமென்றால் சர்க்கரையைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொரு டப்பாப் பாகையே ஊற்ற வேண்டும். அதோடு வறுத்த பார்லியை ஒரு துணிப்பையில் கட்டி, கொதிக்காத வெந்நீரில் அரை மணி நேரம் தேயிலை மாதிரி ஊறவிட வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஒரு கைப்பிடி ஹாப் பூ. டப்பாவோடு வருகிற ஈஸ்ட் வேண்டாம், இது நல்ல ஈஸ்ட் என்று ஒரு பொட்டலத்தையும் கையில் வைத்தாள்.

அன்று மத்தியானம் வீடே மணத்தது. வறுத்த பார்லி தண்ணீரைச் செம்பு நிறமாக்கியது. ஹாப் பூவைப் போட்டதும் எழுந்த வாசனையில் நெவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். இத்தனை வருடம் இதெல்லாம் எங்கே போயிருந்தது! பீப்பாயை நிரப்பி, ஈஸ்ட்டைத் தூவி, அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். சீட்டி திரும்பி வந்தது.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஷோனா தன் கல்யாண முக்காட்டைத் துவைத்துக் கையில் ஏந்திக்கொண்டு வந்து நின்றாள். மகள் அதைத்தான் போட்டுக்கொள்ளப் போகிறாள்.

"அந்தப் பீப்பாய வெளிய எடு."

"ஷோனா, ஈஸ்ட் இப்பத்தான் போட்டேன்!"

"முக்காட்ல பீர் நாத்தம் அடிச்சா உன் பொண்ணு உன்னச் சும்மா விட மாட்டா. இனி அக்டோபர் வரைக்கும் கல்யாணத் துணிதான் இதுக்குள்ள."

பீப்பாய் கொல்லைப்புறத்துத் துவைக்கும் அறைக்குப் போயிற்று. வெளியே புல்லெல்லாம் உறைபனி. நெவில் தன் பழைய கம்பளிச் சட்டைகள் மூன்றையும் அதற்குச் சுற்றிவிட்டு, பெற்ற பிள்ளையைத் தெருவில் விட்டவர் மாதிரி உள்ளே வந்தார். பீர் பொங்கும்போது காற்று வெளியேற மூடியில் ஒரு தண்ணீர்க் குழாய் உண்டு, மறுநாள் அதில் ஒரு குமிழிகூட இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

"செத்துப்போச்சு. எல்லாம் உன் முக்காட்டால" என்றார்.

ஷோனா குப்பையில் கிடந்த ஈஸ்ட் பொட்டலத்தை எடுத்துப் பொடி எழுத்தைப் படித்தாள். "பன்னெண்டு டிகிரியிலேருந்து பதினஞ்சு. சூடான இடத்தில் வைக்கக் கூடாது." பிறகு காலி டப்பாவையும் திருப்பிப் பார்த்தாள். "நெவில், டப்பாவுலயும் ரொம்பச் சூடு ஆகாதுன்னு போட்டிருக்கே! பத்தொன்பது வருஷமா நீ இதப் படிக்கவே இல்லையா?"

"டப்பாவ யாராவது படிக்கறதுக்கு வாங்குவாங்களா?"

அதற்குள் பின்னாலிருந்து 'ப்ளுக்' என்று ஒரு சத்தம். இருவரும் ஓடினார்கள். குழாயில் ஒரு குமிழி எழுந்து உடைந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. நெவில் மனைவியைக் கட்டிப்பிடித்து, வழுக்குகிற சிமெண்டுத் தரையில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

ஆறு நாளில் முடிகிற பீர், குளிரில் மூன்று வாரம் எடுத்துக்கொண்டது. நெவில் நாளுக்கு நான்கு தடவை போய்க் குமிழி எண்ணினார். கடைசியில் பீரின் அடர்த்தியைக் காட்டுகிற கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டுக் கணக்குப் போட்டால் போதை ஆறரை சதவீதம்! சர்க்கரை போட்ட காலத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. முப்பது பாட்டிலில் அடைத்துச் சமையலறை மேசைக்கடியில் அடுக்கி, மூன்று வாரம் ஒன்றைக்கூடத் தொடாமல் காத்தார். அதுதான் அவர் வாழ்க்கையில் செய்த ஆகப்பெரிய தவம்.

பிறந்தநாள் மதியத்தில் மேசைமேல் வறுத்த ஆட்டுக்கறி, தட்டு நிறையச் சீஸ் ரோல். நெவில் ஊற்றினார். நுரை விரல் தடிமனுக்கு எழுந்து நின்றது. அலிஸ்டர் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார்.

ரோவீனா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து நிமிடம் கழித்து அலிஸ்டர் காலிக் கிளாஸோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"செடிக்கு ஊத்திட்டியா மச்சான்?" என்று கேட்டார் நெவில்.

அலிஸ்டர் பதில் சொல்வதற்குள் ரோவீனா எழுந்து ஓடினாள். வெளியிலிருந்து அவள் கத்தியது எல்லாருக்கும் கேட்டது.

"அப்பா! செடிக்கடியில பனி அப்படியே வெள்ளையா இருக்கு! ஒரு சொட்டு விழல!"

"ஊத்தத்தான் போனேன். பழக்கம்" என்றார் அலிஸ்டர், அசட்டுச் சிரிப்போடு. "ஊத்தறதுக்கு முன்னாடி இன்னொரு வாய் பாப்போம்னு நெனச்சேன். அப்புறம் இன்னொண்ணு. இது நெசமா உன் பீர்தானா மாப்ள? கடையில வாங்கி ஊத்திட்டியா?" கிளாஸை நீட்டினார். "இன்னும் இருக்கா?"

நெவில் அடுத்த பாட்டிலுக்கு மேசைக்கடியில் குனிந்தார். வாசலில் நின்ற ரோவீனா கேட்டாள், மூச்சு வாங்க.

"அப்பா, அக்டோபருக்குள்ள எத்தன பீப்பாய் போட முடியும்?"

மூன்று பீப்பாய் போட்டார். துவைக்கும் அறை முழுக்கப் பீப்பாயானதால் ஷோனா எட்டு வாரம் அக்கம்பக்கத்து வீட்டில் துணி துவைத்தாள். கல்யாணத்தன்று பீர் மணக்காத முக்காட்டோடு ரோவீனா கொட்டகைக்குள் வந்தபோது, நெவில் அழுது முடித்துவிட்டு ஆளாளுக்கு ஊற்ற ஆரம்பித்தார். பண்ணைக்காரர்கள் கிளாஸைக் காலி செய்துவிட்டு வரிசையில் மறுபடி வந்து நின்றார்கள். மணி நாலுகூட ஆகவில்லை, வெளியே வெயில் இன்னும் சுள்ளென்று இருந்தது. ஒரு வழியாகத் தனக்கும் ஒரு கிளாஸ் எடுத்துக்கொண்டு கடைசிப் பாட்டில் பெட்டியைத் திறந்தார். தொண்ணூறு பாட்டிலும் காலி.

"தீந்துபோச்சு!" என்று கத்தினார் நெவில், கொட்டகை முழுக்கக் கேட்கும்படி. காலிக் கிளாஸை உயரத் தூக்கிக்கொண்டு மறுபடியும் கத்தினார். "என் பீர் தீந்துபோச்சு!"