ஜலராணியின் கரைப் பக்கம்

என் பெரியத்தா ஒரு பொய்யர். அத்தாவின், அதாவது என் அப்பாவின், அண்ணன்; ஐந்து வேளை தொழுகிறவர். அதனால் என்ன? நாற்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த பந்தியில் பொய் சொல்லி என்னை மடைச்சி ஆக்கினார்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அம்மாவின் தம்பியான மாமு, வாலிபத்தில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போய் ரெண்டு வருஷம் இருந்தவர் என்று பேர். கப்பல் 'லேடி மார்வெல்'. "ஒவ்வொரு எழுத்தும் ஆள் உசரம். கரையில நின்னு எழுத்துக் கூட்டிப் படிச்சேன்" என்பார். பெரியத்தாவும் அதே வருஷம் பினாங்கு போனவர்தான். ஆனால் மாமு கதையை ஆரம்பித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

மாமு மகளுக்கு நிச்சயம் வந்தது. பினாங்கு பார்த்தவர் வீடு என்றுதான் மன்னார்புரத்துக்காரர்கள் பெண் கேட்டார்கள். அன்றைக்கு மாமுவுக்கு அவர் கப்பலின் படத்தைக் கொடுக்க ஆசைப்பட்டேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டர் என்றால் அத்தாவின் சிநேகிதர்கள் பார்த்துவிடுவார்கள். டியூஷன் என்று சொல்லிவிட்டு ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போய் நாலு நாள் தேடினேன். யாரோ ஒரு வெள்ளைக்காரர் இன்டர்நெட்டில் பழைய கப்பல்களுக்கெல்லாம் ஜாதகம் எழுதி வைத்திருந்தார்.

படம் கிடைத்தது. கம்பெனி கைமாறி, அதற்கு 'ஜலராணி' என்று புதுப் பேர் வைத்த செய்தியும் கிடைத்தது. மாமு ஏறுவதற்குப் பத்து வருஷம் முன்பே!

ஆராய்ச்சி செய்தவள் வாயை மூடிக்கொண்டிருப்பாளா? பிரியாணி வைத்ததும் படத்தை நீட்டினேன். "மாமு, நீங்க போனப்ப இது பேரு ஜலராணி. லேடி மார்வெல்னு எப்படிப் படிச்சீங்க?"

மாப்பிள்ளையின் அத்தா படத்தை வாங்கிப் பார்த்தார், பிறகு மாமுவைப் பார்த்தார்.

பெரியத்தா எலும்பைக் கீழே வைத்தார். "அது கஞ்சப் பய கம்பெனிங்க. பெயிண்டை மிச்சம் பண்ணி, கடல் பக்கம் மட்டும் புதுப் பேரை எழுதினான். கரைப் பக்கம் பழைய பேரு அப்படியே கிடந்துச்சு. எனக்குத் தெரியாதா? இந்த மச்சான் வாந்தி எடுத்ததே என் பாயிலதான்!"

பந்தி முழுக்கச் சிரிப்பு. மாப்பிள்ளையின் அத்தாவுக்குப் புரையேறியது. பெரியத்தா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். "புள்ள பாதிதான் படிச்சிருக்கு."

மொட்டை மாடியில் போய் அழுதேன். மாமுவைக் கண்டாலே ஆகாதவர் ஏன் இப்படிச் செய்தார் என்று புரியவில்லை. ஏஜெண்டிடம் ஏமாந்த மாமு, அந்த ரெண்டு வருஷமும் மெட்ராஸில் பாத்திரக் கடையில் நின்றது பெரியத்தாவுக்கு முதலிலிருந்தே தெரியும். கதை நேரத்தில் உட்கார்ந்திருந்தால் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள் என்றுதான் எழுந்து போயிருக்கிறார். இதெல்லாம் அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.

மாமுவே போன வருஷம் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார். பெரியத்தா மட்டும் அசைய மாட்டேன் என்கிறார். மாமுவின் பேரன் காலேஜ் போகிறான், இனி எந்த நிச்சயமும் நின்றுபோகாது. வருகிற பெருநாளன்று எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் பெரியத்தா எழுந்து, சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும்: கரைப் பக்கம் என்னங்க எழுதியிருந்தது?