தட்டு சேர்கிற இடம்

சிங்கப்பூர் பூன் லேயில் அந்தக் கோப்பிக்கடையைப் புதுப்பிக்க மூடியபோது குணமணிக்கு இருந்த கவலையெல்லாம் தோசைக்கல்லைப் பற்றித்தான். தட்டுகளைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை.

கப்பல் கம்பெனியில் ஆட்குறைப்பு வந்து வேலை போனபின் அவள் அங்கே ஓர் இடம் எடுத்திருந்தாள். ஒரே கூரைக்குக் கீழே பல உணவுக் கடைகள், அதில் ஒன்று அவளுடைய சைவக் கடை. கடைக்குள் முட்டைகூட நுழைந்ததில்லை. தட்டுகளைத் தன் குழாயிலேயே கழுவி, தன் துணியாலேயே துடைப்பாள். இதை அவள் எங்கும் எழுதி வைத்ததில்லை. விரதம் இருப்பவர்களுக்குத் தெரியும், வந்துவிடுவார்கள். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் சாப்பிடும் சீனப் பெண்களும் வருவார்கள். அவர்களுக்கு வெங்காயம், பூண்டு ஆகாது என்று தெரிந்தபின் அந்த நாட்களில் தனியாக ஒரு சாம்பார் வைத்தாள்.

மறுபடி திறந்தபோது எல்லாக் கடைத் தட்டுகளையும் பின்னால் ஒரே இடத்தில் கழுவுவது என்றாகிவிட்டது. சாப்பிட்டவர்களே தட்டைக் கொண்டுபோய் வைக்க இரண்டு அடுக்குகள். பச்சை அடுக்கு ஹலால் கடைகளுக்கு, பழுப்பு மற்ற எல்லாருக்கும். குணமணியிடம் ஹலால் சான்றிதழ் இல்லை, ஆகவே அவள் மற்ற எல்லாரிலும் சேர்ந்தாள். பக்கத்துக் கடை பன்றி எலும்பு சூப் கிண்ணத்துக்கு அடியில் தன் தோசைத் தட்டு கிடப்பதை முதல் நாளே பார்த்தாள். மேலாளர் நல்ல மனிதர். இயந்திரத்தில் தண்ணீர் கொதிக்கும், எந்தக் கிருமியும் பிழைக்காது என்று பொறுமையாக விளக்கினார். தன் கவலை கிருமியைப் பற்றியது அல்ல என்பதை அவருக்கு எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

எதிர்க்கடை நெய்னா முகம்மதுவிடம் போய் நின்றாள். மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸும் பிரியாணியும் விற்பவர். அவள் கேட்டு முடிக்குமுன்பே தலையாட்டிவிட்டார். சில வாரங்கள் அவள் தட்டுகள் பச்சை அடுக்கில் போயின. பிறகு சான்றிதழ் சோதனைக்கு ஓர் அதிகாரி வந்தார். அன்று கூட்டம் ஓய்ந்த நேரத்தில் நெய்னா அவள் கடைமுன் வந்து நின்றார்.

"அக்கா, இனிமே வேணாம். இன்னொரு தடவ பாத்தாங்கன்னா என் சர்டிபிகேட் போயிடும். எங்க ஆளுங்க ஒருத்தரும் வர மாட்டாங்க."

"என் தட்டுல என்ன தம்பி இருக்கு? முட்டைகூட இல்ல."

"எனக்குத் தெரியும். பேப்பர்ல இருக்கணும்லா."

அந்தப் பேப்பரைத் தானும் வாங்க முடியுமா என்று கேட்டாள். முடியும், முஸ்லிம் ஆட்களை வேலைக்கு வைக்க வேண்டும், சாமி படம் இருக்கக் கூடாது என்றார். மாவு அண்டாவுக்கு மேலே முருகன் படம் மாட்டியிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். முதலில் கண்ணை எடுத்தவர் நெய்னாதான்.

போகத் திரும்பியவர் நின்றார். "எங்க பக்கம் மாட்டுக்கறித் தட்டும் ஒண்ணாத்தான் போவுது. நீங்க அதக் கேக்கவே இல்லையே."

"கேட்டா நீங்க சொல்லிருவீங்களே, தம்பி."

அவர் தன் கடைக்குத் திரும்பினார்.

நிர்வாகத்திடம் காகிதத் தட்டு கேட்டாள். உட்கார்ந்து சாப்பிடுபவர்களுக்குக் கிடையாது என்றார்கள். தட்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவிப் பார்த்தாள். ஆனால் சாப்பிட்டவர்கள் பழகிய கையோடு பழுப்பு அடுக்கில் வைத்துவிட்டுப் போனார்கள். யார் எழுந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் தோசைகள் கருகின. எது வீட்டில் கழுவியது, எது இங்கே கழுவியது என்று அவளுக்கே தெரியாமல் போனபோது விட்டுவிட்டாள். வந்தவர்களிடம் சொல்லவும் இல்லை.

சஷ்டி விரதம் முடிந்த மறுநாள் காலை ஜெயரத்தினம் வந்தார். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும். ஒவ்வொரு வருடமும் விரதத்தை முடிக்க அவள் கடைக்குத்தான் வருவார். நெற்றி நிறைய விபூதி.

"குணம், ரெண்டு இட்லி வை. உன்கிட்டதான் எதையும் கேக்காம சாப்பிடலாம்."

தட்டு அவள் கையில் இருந்தது. சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியப் போவதில்லை.

"அண்ணே, இது இப்ப எல்லாத் தட்டோடயும் சேர்ந்து கழுவுறது. பன்னி சூப் கிண்ணத்தோட."

அவர் தட்டைப் பார்த்தார், பிறகு அவளை.

"அப்ப நான் எங்க போய்ச் சாப்பிடுறது?"

வழி கேட்பவர் போலத்தான் கேட்டார். இட்லியைக் காகிதத்தில் கட்டி, சாம்பாரைப் பையில் ஊற்றி ரப்பர் வளையம் போட்டுக் கொடுத்தாள். இங்கேயே உட்காருங்கள் என்றாள். மேசைமேல் ஒட்டியிருந்ததை அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கட்டி வாங்கியவர்கள் உட்காரக் கூடாது என்று போட்டிருந்தது. விதியை மீறிப் பழக்கமில்லாத மனிதர். எழுந்து போனார்.

பஸ் நிறுத்தம் கடைக்கு நேரெதிரே. பொட்டலத்தை மடியில் வைத்து ரப்பர் வளையத்தோடு அவர் போராடுவது தெரிந்தது. கழற்ற வரவில்லை. பல்லால் இழுத்துப் பார்த்தார். குணமணி அடுப்பைக் குறைத்தாள், முன்றானையில் கையைத் துடைத்தாள். அதற்குள் வரிசையில் முன்னால் நின்ற பெண், மூன்று தோசை, இங்கேயே சாப்பிட என்றாள்.

அவள் கழுவி வந்த அடுக்கிலிருந்து தட்டை எடுத்தாள்.