லண்டன் ஓம் சொல்லும்வரை

என்னுடைய கல்யாணத்துக்கு நாள் பார்த்தது பிரித்தானிய நாடாளுமன்றம். சொன்னால் சிரிப்பார்கள். அந்தக் குளிர்காலத்தில் நானும் கொஞ்ச நாள் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் மாத்திரைகளைப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. சாப்பாட்டு இடைவேளை பிந்தித்தான் வரும். லண்டனில் மாலை வாக்கெடுப்பு நடக்கிற நேரமும் அதுவும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. மற்றவர்கள் மைக்ரோவேவுக்கு வரிசையில் நிற்க, நான் மூலை மேசையில் கைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு, ஆறிய சோற்றைத் தின்றுகொண்டு, பச்சை வாங்குகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து கத்துகிற கோட்டுசூட்டுக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"அது உன் நாடா?" என்று ஒருநாள் பக்கத்து மேசைக் கியூபெக்காரி பிரெஞ்சில் கேட்டாள். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவள், எதையும் நேராகக் கேட்கிற சுபாவம். இல்லை என்றேன். "பிறகு ஏன் பார்க்கிறாய்?" என்றாள். அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தால்தான் எனக்குக் கல்யாணம் என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

பகிடிக்குச் சொன்னதல்ல அது. எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. முன்னர் வந்த சம்பந்தங்கள் குறிப்புப் பொருந்தாமலோ மனுசர் பொருந்தாமலோ போய்விட்டன. ஆற்றுக்கு அந்தப்பக்கம் புரோசார்டில் இருக்கும், மாப்பிள்ளையின் பெரியம்மா கொண்டுவந்த சம்பந்தம் இது. மாப்பிள்ளை யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஹொலண்டில் அகதியாக வளர்ந்து, அந்த நாட்டுக் கடவுச்சீட்டோடு லண்டனுக்குக் குடிபோனவர். அப்படிப் போன எங்கள் ஆட்கள் அங்கே நிறையப் பேர். ஐரோப்பியக் குடிமகன் என்பதால் மனைவியை லண்டனுக்கு எடுப்பது அவருக்கு லேசு. பிரித்தானியா ஐரோப்பாவை விட்டு விலகிய பிறகும் அது லேசாக இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அதற்கு முன் எங்கள் எழுத்து முடிய வேண்டும் என்று பேச்சு. பதிவுத் திருமணத்தை நாங்கள் எழுத்து என்போம். எழுத்து முடிந்தாலும் தாலி ஏறும்வரை பெண் தாய்வீட்டில்தான் இருப்பாள். முதலில் கடுதாசி, பிறகு கல்யாணம் என்பது ஊரைவிட்டு ஓடிவந்த எங்கள் சனத்துக்குப் பழகிப்போன ஒழுங்கு.

இலையுதிர்காலத்தில் ஒருமுறை வந்திருந்தார். லாசாலில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் அம்மா சுட்டுப்போட்ட தோசையைச் சாப்பிட்டுவிட்டு, கோப்பையைத் தானே கழுவி வைத்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதைச் சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் திரும்பிப் போனபிறகு நாள் தவறாமல் கதைத்தோம்.

வாக்கெடுப்பு எப்படி நடக்கும் என்று எனக்கு விளக்கியவரும் அவர்தான். மணி அடிக்கும். ஓம் என்பவர்கள் ஒரு வாசலாலும் இல்லை என்பவர்கள் மறு வாசலாலும் போவார்கள். கொஞ்ச நேரத்தில் சபாநாயகர் கதவைப் பூட்டச் சொல்லுவார். அதற்குப் பிறகு ஓடிவருகிறவருக்கு வாக்கு இல்லை. இதைச் சொல்லும்போது அவர் சபாநாயகரின் குரலில், தொண்டை கிழிய, "கதவைப் பூட்டுங்கோ!" என்று கத்திக் காட்டுவார். நான் வயிறு நோகச் சிரிப்பேன். பிறகு அது எங்கள் வழக்கமாகிவிட்டது. தொலைபேசியை வைக்குமுன் இரண்டு பேரில் ஒருவர் அதைச் சொல்லித்தான் வைப்போம்.

மொன்றியலில் எழுத்தை, பத்திரங்கள் எழுதிப் பதிகிற நொத்தாரிசு ஒருவரே செய்துவைக்கலாம். எங்கள் தெரு முனையில் மருந்துக்கடைக்கு மேலே ஒரு நொத்தாரிசு அம்மையார் இருந்தார். அவரிடம் ஜனவரிக் கடைசியில் ஒரு நாள் கேட்டு வைத்தேன். அதற்கு முன், விலகும் ஒப்பந்தத்தின்மீது வாக்கெடுப்பு வந்தது. "ஒப்பந்தம் பாஸாகினால் பழைய சட்டம் இன்னும் கொஞ்சக் காலம் இருக்கும், அவசரமில்லை, ஆறுதலா வடிவாச் செய்யலாம். பாஸாகாட்டி உடன செய்வம். எதுக்கும் வாக்கெடுப்பு முடியட்டும்" என்றார் அவர், லண்டனிலிருந்து. நியாயமான கதைதானே. ஒப்பந்தம் படுதோல்வி கண்டது. உடனே செய்வோம் என்றவர், இன்னொரு வாக்கெடுப்பு வருகிறதாம், அதையும் பார்ப்போம் என்றார். நொத்தாரிசுக்குத் தொலைபேசி எடுத்து நாளை மாற்றினேன்.

அந்த இன்னொரு வாக்கெடுப்பு தள்ளித் தள்ளிப் போய் மார்ச் மாதத்தில் வந்தது. அதிலும் தோல்வி. விலகும் நாளையே தள்ளிப்போட்டார்கள். நானும் என் நாளைத் தள்ளிப்போட்டேன். எழுத்துக்கென்று வாங்கிய மாம்பழ நிறச் சேலையை அம்மா கட்டிலில் விரித்துப் பார்ப்பதும் மறுபடி மடித்து வைப்பதுமாக இருந்தார். தொலைக்காட்சியைப் பார்த்து ஒருநாள் திட்டியே விட்டார்.

"ஒரு ஓம் சொல்ல இவையளுக்கு இவ்வளவு நாளோ? இவையே எங்களை ஆண்டவை?"

மார்ச் கடைசியில் நடந்ததுதான் கூத்து. எது வேண்டாம் என்று தெரிந்துவிட்டது, எதுதான் வேண்டும் என்று சொல்லுங்கள் என்று எட்டு வழிகளை முன்னால் வைத்தார்கள். எட்டையும் வேண்டாம் என்றார்கள். நான் மேசையில் தலையைப் போட்டுக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு அழுகைக்குப் பக்கத்தில் போய் நின்றது. கியூபெக்காரி தன் கேக்கில் பாதியை என் பக்கம் தள்ளினாள். "இந்த மாகாணம் பிரிவதா என்று நாங்களும் ஒருகாலத்தில் வாக்களித்தோம். எங்கள் வீட்டில் அப்பா ஆம், அம்மா இல்லை. ஒரு குளிர்காலம் முழுக்க இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் இரண்டு பேரும் போய் வாக்குப் போட்டார்கள்" என்றாள்.

அன்று பின்னேரம் அவர் எடுத்தார். "எட்டும் போச்சு! நம்புவீரே? எட்டும்!" சோதனை ஒத்திவைக்கப்பட்டதைக் கேட்ட பள்ளிக்கூடப் பிள்ளையின் குரல் அது. பிறகு யோசித்துப் பார்த்தேன். ஒப்பந்தம் தோற்ற நாள்களில் எல்லாம் அவர் உற்சாகமாகத்தான் கதைத்திருக்கிறார். இதில் சந்தோசப்பட என்ன இருக்கிறது என்று ஒரு கேள்வி வந்தது. பாவம், வேலைக் களைப்பில் இருக்கிற மனுசன் என்று எனக்கு நானே சொல்லித் தள்ளிவிட்டேன்.

ஏப்ரலில் விலகும் நாளை இலையுதிர்காலத்துக்கே கொண்டுபோய்விட்டார்கள். தெருவோரத்தில் பனி கறுத்துப்போய்க் குப்பையோடு கிடந்த வாரம் அது. எனக்கு மட்டும் வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது. நானே அவருக்கு எடுத்தேன்.

"இனி ஒரு வாக்கெடுப்புக்கும் காத்திருக்கத் தேவையில்லை. நேரம் தாராளமாக் கிடக்கு. மே மாசம் எழுத்தை வைப்பமே?"

"அதுதான் ஒக்டோபர் வரைக்கும் நேரம் இருக்கே. ஏன் அவசரப்படுறீர்?" என்றார். கதவைப் பூட்டச் சொல்ல அன்று இரண்டு பேருமே மறந்துபோனோம்.

அடுத்த நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நேரே நொத்தாரிசிடம் போனேன். அவ்வளவு மானம்கெட்ட நம்பிக்கை எனக்கு. அம்மையார் நாட்குறிப்பில் மே மாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பேனையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். "மத்மசேல், இத்தனை மாதமாக உங்கள் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தமுறை அவரை ஒருக்கால் எனக்கு எடுக்கச் சொல்லுங்களேன்" என்றார். குத்திக்காட்டும் குரல் அல்ல, கருணையோடுதான் சொன்னார். அதுதான் கூடச் சுட்டது. மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கி வந்து, மருந்துக்கடை வாசலில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். லண்டன்காரர்மீது வந்த கோபத்தைவிட அந்த நாடாளுமன்றத்தின்மீது எனக்கு அதிகம் கோபம் வந்தது. ஒரு மனுசன் ஒளிந்துகொள்ள அவ்வளவு வசதியாக ஒரு குழப்பத்தைச் செய்துகொடுத்தவர்கள் அவர்கள்தானே.

பின்னேரம் அவருக்கு எடுத்தேன். அம்மா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"மணி அடிக்குது. ஓமோ, இல்லையோ?" என்று கேட்டேன்.

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவருடைய சிரிப்பும் நின்றது.

"இது ஓம், இல்லை எண்டு சொல்லுற விசயமில்லை. நீர் நல்ல பிள்ளை. எனக்குத்தான்... கொஞ்சம் பொறுத்துப் பாப்பமே?"

"ஏழு மாசம் பொறுத்தாச்சு. உங்களுக்கு விருப்பமில்லை எண்டால் அதையாவது சொல்லுங்கோ. நான் ஒண்டும் பேசமாட்டன்."

காத்திருந்தேன். அவர் மூச்சு விடுவது கேட்டது. அங்கே எங்கேயோ ஒரு பேருந்து நின்று புறப்பட்டுப் போனது. இல்லை என்ற சொல்லைக்கூட எனக்குத் தர அந்த மனுசனுக்கு மனம் வரவில்லை. அந்தச் சொல்லைத் தந்திருந்தால் நான் அவரை மன்னித்திருப்பேன்.

"கதவைப் பூட்டுறன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "என்னவாம்?"

"ஒண்டும் சொல்லேல்லை அம்மா."

அம்மா திரும்பிக் குசினிக்குப் போனார். அன்றைக்குப் பிறகு அந்தச் சேலை வெளியே வரவே இல்லை.

அடுத்த நாள் இடைவேளையில் வழக்கம்போல மூலை மேசையில் போய் உட்கார்ந்து, கைபேசியைப் போத்தலில் சாய்த்தேன். பச்சை வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன. "இன்றைக்கு என்ன வாக்கெடுப்பு?" என்று கியூபெக்காரி கேட்டாள்.

"ஒன்றும் இல்லை. ஈஸ்டர் விடுமுறைக்குப் போய்விட்டார்கள்."

"பாவம், களைத்துப்போயிருப்பார்கள்" என்றாள்.

கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். சோற்றுப் பெட்டியை எடுத்துக்கொண்டு, அந்தக் குளிர்காலத்தில் முதல்தடவையாக, மைக்ரோவேவ் வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நான்கைந்து பேர் நின்றார்கள். என் முறை வருவதற்குள் அழுதுவிட்டேன்.