சிவப்புக் கோடிட்ட ஐந்து சொற்கள்

முதலில் நினைவுக்கு வருவது சிவப்புப் பென்சில் கோடுகள்தான். ஆங்கிலத்தில் கையால் எழுதிய நாற்பது பக்கக் கட்டு. அதன் முதற் பக்கத்தில் ஐந்து சொற்களுக்குக் கீழே யாரோ அழுத்திக் கோடிட்டிருந்தார்கள். தமிழில் சொன்னால், புலம், தடை, சுரங்கம், தப்புதல், சிதைவு. யுத்த காலத்துத் திருகோணமலையில், சோதனைச் சாவடியில் பிடிபட்ட தாள்களில் இந்த ஐந்தும் ஒன்றாகக் கிடந்தால் யார்தான் நல்லவிதமாக நினைப்பார்கள்? நான் அப்போது அரசாங்கக் கந்தோர் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். தாள்களைச் சிங்களத்தில் எழுதித் தரும்படி துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த இராணுவ முகாமுக்கு என்னை அழைத்திருந்தார்கள்.

அவை பௌதிகம் படிப்பித்த ரீச்சர் ஒருவரின் தாள்கள். என் வயதுதான் அவருக்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர், தாயாருக்குச் சுகமில்லையென்று, நகரத்துக்குப் பக்கத்திலுள்ள ஊரான உப்புவெளிக்கு வந்தார். தாயாரை விட்டுப் போக மனமில்லாமல் தங்கிவிட்டார். நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்துக்கொண்டே, மடக்கை அட்டவணையை வைத்துக் கையாலேயே தன் கணக்குகளைப் போட்டுவந்தார். முடித்த கணக்கைப் பேராசிரியருக்குத் தபாலில் அனுப்பத்தான் அன்று காலை சைக்கிளில் கொண்டுவந்திருக்கிறார்.

பொறுப்பாயிருந்தவர் ஓர் இளம் கப்டன். மரியாதையாகவே பேசினார். ஆனால் பின்னேரத்துக்குள் விளக்கம் கிடைக்காவிட்டால் தாள்களோடு ரீச்சரையும் மேலிடத்துக்கு அனுப்பவேண்டிவரும் என்றார். அப்படி அனுப்பப்பட்டவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று அந்நாட்களில் யாருக்கும் தெரியாது. ரீச்சரைக் கூட்டிவந்து எனக்கு எதிரே ஒரு கதிரையில் இருத்தினார்கள். கப்டன் கேட்டதை நான் தமிழில் கேட்டேன்.

"சுரங்கம் எண்டு எழுதியிருக்கிறீங்கள். ஆர் தோண்டினது?"

"ஒருத்தரும் தோண்டேல்ல. எலக்ட்ரோன் எண்டுற இலத்திரன் வெளியில போற வழி அது."

"அப்ப தப்பிறது ஆர்?"

"அதுவும் இலத்திரன்தான்."

கப்டன் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

ஒவ்வொரு வரியாகப் போனோம். ஒரு மூலக்கூறிலுள்ள ஓர் இலத்திரனுக்கு மிகுந்த சக்தியைக் கொடுத்தால், அது உடனே ஓடிவிடாமல், நடுப்பகுதியிலிருந்து வெகுதூரத்தில் சுற்றத் தொடங்குமாம். அந்த நிலை நீடிக்காது. சுற்றும் வழியில் நடுவுக்குக் கிட்ட வரும்போதெல்லாம் ஆபத்து. சுழன்றுகொண்டிருக்கும் நடுப்பகுதி அதை இடித்து வெளியே எறியலாம். இல்லாவிட்டால் மூலக்கூறே இரண்டாக உடையலாம். மின்புலம் ஒன்றுக்குள் வைத்தால் அதன் ஆயுள் என்னவாகும் என்பதுதான் நாற்பது பக்கமும்.

பாதிக்கு மேல் எழுதிய பிறகு என் பேனா நின்றது. முன்னொரு பக்கத்தில் மின்புலம் ஆயுளைக் கூட்டும் என்று இருந்தது. இப்போது குறைக்கும் என்று இருந்தது. கப்டன் கண்டால் பொய் என்றல்லவா நினைப்பார்?

"ரீச்சர், இது பிழையெல்லே?" என்று மெல்லக் கேட்டேன்.

அந்தக் கேள்வியோடு அவர் இருக்கும் இடத்தையே மறந்துவிட்டார். என் பேனாவை வாங்கி, நீண்ட முட்டை வடிவில் ஒரு பாதையைக் கீறினார். "பிழையில்லை. இஞ்ச பாருங்கோ. சின்னப் புலம் எண்டா பாதை கொஞ்சம் மாறும். நடுவுக்குக் கிட்டப் போகாட்டி ஆர் அதை இடிக்கிறது? அதால கூடநேரம் இருக்கும். புலத்தைக் கூட்டினா, இலத்திரனை மறிச்சு வைக்கிற தடை ஒரு பக்கத்தில தாழ்ந்து போகும். பிறகு பிடிச்சு வைக்க ஏலாது."

"எந்த இடத்தில மாறுது?"

"அதைத்தான் நானும் தேடுறன்!"

என்ன சொல்கிறார் என்று கப்டன் கேட்டார். சொன்னேன். அவரும் படத்தின்மேல் குனிந்தார். எவ்வளவு நேரம் உயிரோடிருக்கும் என்று கேட்டார்.

"ஒரு செக்கனைப் பத்து இலட்சமாப் பிரிச்சா அதில ஒரு பங்கு. அதுக்குள்ள ஆயிரக்கணக்கில சுத்திப்போடும்."

இவ்வளவு நேரத்துக்கா நாற்பது பக்கம் என்றார் கப்டன். முதன்முறையாக அவர் முகம் இளகியது.

பின்னேரம் ரீச்சரை விட்டுவிட்டார்கள். தாள்களையும் என் மொழிபெயர்ப்பையும் கொழும்புக்கு அனுப்பவேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். அவை திரும்பி வரவேயில்லை. ஆனால் மொழிபெயர்ப்பை முதலில் கிறுக்கி எழுதிய பிரதி என் கையில் இருந்தது. கொண்டுபோகலாமா என்று கேட்டேன். கப்டன் அதைப் புரட்டிப் பார்த்தார். சிங்களத்தில்தானே இருக்கிறது, எந்தச் சாவடியிலும் வாசித்து விளங்கிக்கொள்வார்கள் என்று திருப்பித் தந்தார்.

ரீச்சருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. ஆகவே சனி, ஞாயிறுகளில் நான் உப்புவெளிக்குப் போய், என் சிங்களத்தைத் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் ஆங்கிலத்தில் எழுதினார். சூத்திரங்களைப் படம்போலப் பார்த்துக் கீறியிருந்தேன். சில தலைகீழாக இருந்தன. "இதென்ன, நண்டு மாதிரி?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஒருநாள், இந்த இலத்திரனும் எங்களைப்போலத்தான் இழுபடுகிறது என்று சொல்லிவிட்டேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"அப்பிடி ஒப்பிடாதீங்கோ. அதுக்குப் பயமில்லை. எங்களுக்கு இருக்கு."

கட்டுரை முடிந்து, கொழும்பு போன ஒருவர் மூலமாகத் தபாலில் சேர்ந்தது. தாயார் காலமான பிறகு ரீச்சரும் வெளிநாடு போனார். யுத்தம் ஓய்ந்து சில வருடங்களுக்குப் பின் ஒருமுறை வந்தார். இருவருக்கும் தலை நரைத்திருந்தது. தேத்தண்ணி ஆறுவதற்குள், இத்தனை வருடமாக எனக்குள் கிடந்த கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

"உங்கட கணக்குச் சரியோ?"

"பிழை," என்றார். கண்ணெல்லாம் சிரிப்பு. "ஆய்வுகூடத்தில அளந்து பார்த்திட்டினம். நான் போட்ட கணக்கைவிட இலத்திரன் கனநேரம் இருக்குது."

"ஏனாம்?"

அவர் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, எழுத ஒரு தாள் கேட்டார்.