தனியாக வைக்கப்பட்ட நான்கு மீன்கள்

"ஆய்வறையில் துப்புரவுப் பணியாளர் ஒருவர் உண்டு, அவருக்கும் மீன்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை." சுபாஸ்ரீ எழுதிய ஆய்வறிக்கையின் மூன்றாம் பக்கம் இப்படிச் சொல்கிறது. அந்தப் பணியாளர் வசந்தகுமாரி. வயது ஐம்பத்திரண்டு, ரயில்வே பணிமனை ஃபிட்டர் ஒருவரின் மகள். போலாரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி கச்சிபௌலிக்கு வருவாள். தொடர்பில்லாத அந்த மீன்களிடம் நலம் விசாரித்த பிறகுதான் துடைப்பத்தைத் தொடுவாள்.

ஃபைட்டர் மீனில் கூடு கட்டுவது ஆண். வாயால் குமிழி விட்டு நீர்மேல் நுரையாகச் சேர்ப்பான். முட்டையைக் காப்பதும் அவன்தான். இன்னொரு ஆண் கண்ணில் பட்டால் மும்முரமாகக் கட்டுவானா என்பதுதான் ஆய்வு. நான்கு தொட்டிகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. மற்ற நான்கும் மூன்று பக்கமும் கறுப்பு அட்டை மறைத்து, தனியாக. தனியாக இருந்தவர்கள்தான் பெரிய கூடு கட்டினார்கள். பேராசிரியருக்குப் பரம சந்தோஷம். எதிர்பார்த்தது நடந்தால் அறிவியலில் யார் மதிக்கிறார்கள்?

ஐந்தாவது வாரம் அந்த நால்வரின் துடுப்புகளும் கிழியத் தொடங்கின. யாருமே இல்லாத முன்கண்ணாடியில் முட்டிக்கொண்டே இருந்தார்கள். ஆறாவது வாரம் ஒருவனிடம் பெண்மீனை விட்டார்கள். மறுநாள் காலை அது வெளிறி அடியில் கிடந்தது. கூடு மட்டும் குலையவில்லை.

"ஆளே இல்லாத இடத்துல யாரோடங்க்கா சண்டை இவனுக்கு?" என்றாள் கோயம்புத்தூர்க்காரியான சுபாஸ்ரீ.

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் பாப்பா. டி.வி.யோட சண்டை."

இருவரும் சிரித்தார்கள். மிச்சமிருந்த மூன்று பெண்மீன்களை அன்று மாலை விடுவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை அறிக்கை போயாக வேண்டும்.

மதியம் சாப்பிட்டு முடித்த வசந்தகுமாரி, நாலடுக்கு கேரியரைக் கழுவி, தனித் தொட்டிகளின் முன்கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளியிருந்த மேடையில் டப்பாக்களை வழக்கம்போல் சாய்த்து வைத்தாள். புளி போட்டுத் தேய்த்த எவர்சில்வர், முகம் பார்க்கலாம். நான்கு மீன்களும் ஒரே சமயத்தில் செவுளை விரித்தன.

ஒரு டப்பாவை எடுத்தாள். எதிரே இருந்தவன் சுருங்கினான். திரும்ப வைத்தாள், விரித்தான். மூன்று முறை செய்து பார்த்தாள். ஆறு வாரத்தில் அந்த அறையில் ஒழுங்காக நடந்த சோதனை அது ஒன்றுதான்.

தொட்டி விளக்கை ஒரு முழம் நகர்த்தியதற்காக, தன்னோடு கூட்டிப் பெருக்கிய பெருமாளை ஒப்பந்தக்காரர் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியது அவளுக்குத் தெரியும். டப்பாக்களைப் பைக்குள் போட்டால் விஷயம் முடிந்தது, யாருக்கும் தெரியப்போவதில்லை. வெறி பிடித்த அந்த மூவரிடமும் மாலையில் பெண்மீன்கள் போகும், அவ்வளவுதான்.

சுபாஸ்ரீ வலையோடு உள்ளே வந்தாள்.

"நக்கோ பாப்பா, விடாத. இங்க பாரு."

டப்பாவை எடுத்தாள், வைத்தாள். சுபாஸ்ரீ வலையைக் கீழே வைத்தாள்.

"ஆறு வாரங்க்கா... சொல்லாமயே இருந்திருக்கலாமில்லீங்க?"

"ஹவ், ஆமா. இருந்திருக்கலாம்."

அடுத்த மாத ஒப்பந்தப் பட்டியலில் வசந்தகுமாரிக்குப் பதில் வேறொரு பெயர் இருந்தது. மூன்றாம் பக்கத்து வாக்கியம் அதன்பிறகுதான் உண்மையாயிற்று.

டப்பாவை எடுத்து வைத்துக் காட்டிய அன்று மாலையே வசந்தகுமாரி மீன் பதிவேட்டைத் திறந்து, தினமும் எந்த இடத்தில், எத்தனை மணி வரை டப்பாக்களைக் காயவைத்தாள் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.