குழாயடியில் என் குடம்

இலங்கையிலிருந்து அகதியாக வந்தவள் நான். ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்கிறவள். முகாமில் என்னை இருக்கவிடவில்லை. கோலார் தங்க வயலுக்கு வந்து, சுரங்கத் தொழிலாளர்களுக்காக ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தேன். சுரங்கம் மூடப்படுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது.

தெருக்குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். ஆள் நிற்க வேண்டியதில்லை, குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போகலாம். யார் குடத்தையும் யாரும் தொட மாட்டார்கள். என் குடத்தை மட்டும் தினமும் காலால் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். என் முறை வரும்போது குழாயில் காற்றுதான் வரும்.

ஒருநாள் பக்கத்து வீட்டு ராணி அப்படித் தள்ளியபோது, வரிசையில் முதல் ஆளாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த எதிர் வீட்டு ஸ்டெல்லா குழாயை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"அந்தக் குடம் எங்க இருந்துச்சோ அங்க வை."

"அதுகூடவா நாம ஒரே வரிசைல நிக்கணும்? தண்ணிய வுடுக்கா, அவருக்கு ஷிஃப்ட்டுக்கு நேரமாவுது."

"எங்க வூட்டுக்காரரும்தான் ஷிஃப்ட்டுக்குப் போவணும். குடத்துல இன்னா ஆம்பள குடம், பொம்பள குடம்? அவ குடத்த வை, தொறக்கறேன்."

மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஸ்டெல்லா கையை எடுக்கவில்லை. கடைசியில் ராணி குனிந்து, என் குடத்தைக் கையால் தூக்கி அதன் இடத்தில் வைத்தாள்.

நான் நன்றி சொல்லப் போனேன்.

"அதெல்லாம் இன்னாத்துக்கு? நாளைக்கு நேரத்தோட வா," என்றாள் ஸ்டெல்லா.

மறுநாள் அவளுக்கும் முன்பே போய் என் குடத்தை முதலில் வைத்தேன். வந்து பார்த்தவள், தன் குடத்தை அதற்குப் பின்னால் வைத்தாள். இன்றுவரை எந்த வரிசையிலும் என் இடத்தை நான் விட்டுக்கொடுத்ததில்லை.