உரி இதெயா?

முதலில் வந்தது எரிச்சல். முடி மாற்று அறுவை முடிந்து பெங்களூரு சந்தாபுராவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாள், பச்சை மிளகாய் நறுக்கிய கையை உச்சந்தலையில் வைத்துத் தேய்த்ததுபோல் எரிந்தது. புண் என்றால் எரியத்தானே செய்யும் என்று பொறுத்துக்கொண்டேன். இதைப் படிப்பவர்களில் யாராவது இப்போது அப்படிப் பொறுத்துக்கொண்டிருந்தால், மீதியை அப்புறம் படிக்கலாம். முதலில் மருத்துவரிடம் போங்கள்.

எனக்குச் சொந்த ஊர் திருப்பத்தூர். எங்கள் வீட்டு ஆண்களுக்கு முப்பதைத் தாண்டினால் சொட்டை விழும். பாகப்பிரிவினை இல்லாமலே எல்லாருக்கும் சமமாக வந்துவிடும் பரம்பரைச் சொத்து அது ஒன்றுதான். அலுவலகக் கூட்டங்கள் வீடியோவில் நடக்கத் தொடங்கும்வரை நான் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. திரையின் மூலையில் என் தலை, அதன்மேல் ட்யூப்லைட் வெளிச்சம். மற்றவர்கள் பேசுவதை விட்டுவிட்டு அந்தச் சின்னக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் மனைவி ரேவதி ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். அவளுக்கு இதில் துளியும் விருப்பமில்லை.

"தலையில கத்தி வெக்கிற அளவுக்கு இப்ப என்னங்க அவசரம்?" என்றாள்.

"மயிரைக் கட்டி மலைய இழுக்கறோம். வந்தா மலை, போனா மயிரு" என்றேன். பழமொழிக்கு என்றைக்கும் நான் பஞ்சப்பட்டதில்லை.

கிளினிக் ஒரு வணிக வளாகத்தின் மாடியில் இருந்தது. ஏசி அறை, நல்ல காபி. மருத்துவர் வந்து நெற்றியில் பேனாவால் கோடு போட்டார், மரத்துப்போகும் ஊசி போட்டார், போய்விட்டார். பின்தலையிலிருந்து கிராஃப்ட் (வேரோடு எடுத்த முடிக்கொத்து) எடுத்ததும், உச்சியில் துளையிட்டு நட்டதும் டெக்னீஷியன்கள். அவர்கள் ஒருவரையொருவர் "டாக்டர், டாக்டர்" என்றே கூப்பிட்டுக்கொண்டதால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. நெருக்கமாக நடச்சொல்லி நானே கேட்டேன். சிகரெட் பழக்கம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு உண்டு.

புறப்படும்போது ஒருவர் அரைகுறைத் தமிழில் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். "சார், பொருக்கு உரிக்க கூடாது. உரிச்சா முடி போகும்."

சில நாள் கழித்து கிளினிக்கிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். ரேவதி வேலைக்குப் போயிருந்தாள். அந்தப் பெண் கன்னடத்தில் பேசினார். ரேவதி கற்றுக்கொடுத்த கன்னடத்தைக் காட்ட எனக்கும் ஒரு வாய்ப்பு.

"நோவு இதெயா சார்?"

வலி இருக்கிறதா என்கிறார். அது எனக்குத் தெரியும்.

"ஸ்வல்ப இதெ மேடம்." கொஞ்சம் இருக்கிறது.

"அது நார்மல் சார். உரி இதெயா?"

பொருக்கை உரித்தேனா என்கிறார். தலையில் கையே வைக்காத பெருமை எனக்கு.

"உரி இல்லா மேடம். ஏனூ இல்லா." ஒன்றுமே இல்லை என்றேன்.

"வெரி குட் சார்."

தலை எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கிளினிக்கே 'வெரி குட்' சொன்ன பிறகு எரிச்சலுக்கு என்ன மரியாதை? அந்த வாரக் கடைசியில் தலைக்கு மருந்து தெளிக்க வந்த ரேவதி சட்டென்று நிறுத்திவிட்டாள்.

"ஏங்க, இது பொருக்கு மாதிரி இல்ல. நடுவுல கறுப்பா இருக்கு. நாத்தம் வேற வருது."

அன்றைக்கே என்னை ஒரு பெரிய மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே பார்த்த பிளாஸ்டிக் சர்ஜன் ஒரு கன்னடப் பெண்மணி, தமிழும் பேசினார். தலையைப் பார்த்ததும் நெக்ரோசிஸ் (ரத்த ஓட்டம் நின்று தோல் செத்துப்போவது) என்றார்.

"கறுக்கறதுக்கு முன்னாடி பயங்கரமா எரிஞ்சிருக்குமே. கிளினிக்ல யாரும் கேக்கலியா?"

"இல்ல டாக்டர். உரி இருக்கான்னு மட்டும் போன்ல கேட்டாங்க. நான் உரிக்கவே இல்ல. கையே வெக்கல."

மருத்துவர் ரேவதியைப் பார்த்தார். ரேவதி என் தோளில் கை வைத்தாள்.

"உரின்னா உரிக்கிறது இல்லங்க. கன்னடத்துல எரிச்சல்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு பேர் முன்னால் கைக்குட்டைகூட இல்லாமல் அழுதேன்.

எல்லாப் பழியையும் அந்த ஒரு சொல்மேல் போட மாட்டேன். ஒரே நாளில் அளவுக்கு மீறி நெருக்கமாகத் துளையிட்டதில் ரத்த ஓட்டம் அடைபட்டிருக்கிறது. சிகரெட் மீதியைப் பார்த்துக்கொண்டது. அதனால் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தலையில் துளை போடப்போவது யார், அவர் படித்த மருத்துவரா, கடைசிவரை அறையில் இருப்பாரா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பிறகு எரிந்தால் உங்களுக்குத் தெரிந்த மொழியில் சொல்லுங்கள். போனில் சொல்லாதீர்கள், நேரில் போய்த் தலையைக் காட்டுங்கள்.

"எவ்வளவு தூரம் செத்திருக்குன்னு இப்ப சொல்ல முடியாது. எலும்பு வரைக்கும் போகாம காப்பாத்தணும்" என்றார் மருத்துவர். டிப்ரைட்மென்ட் (செத்த தோலை வெட்டி எடுப்பது) நடந்தது. ஒவ்வொரு முறை கட்டுப் பிரிக்கும்போதும் நான் அவர் முகத்தையே பார்ப்பேன். அதில் ஒன்றும் தெரியாது. என்னைப் பார்க்க வந்த மாமனார், "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்கோங்க மாப்ள" என்றார். நல்ல மனிதர். என் தலைப்பாகை பத்திரமாகத்தான் இருந்தது.

எலும்பு தப்பியது. உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு வழுவழுப்பான வடு. இனி அங்கே முடி முளைக்காது. அது பரவாயில்லை. அங்கே உணர்ச்சியும் இல்லை என்பதைத்தான் என்னால் பழகிக்கொள்ள முடியவில்லை. வெயில் தெரிவதில்லை, சீப்பு தெரிவதில்லை. பெங்களூரு மழை இப்போது எனக்குக் கொஞ்சம் தாமதமாகப் பெய்கிறது. பக்கத்தில் நடப்பவர் குடை விரித்த பிறகு, நெற்றியில் தண்ணீர் இறங்கிய பிறகுதான் மழை என்று தெரிகிறது.

நரம்பு திரும்ப வந்தால் முதலில் எரிச்சலாகத்தான் வரும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வராமலும் போகலாமாம்.

தினமும் வேலை முடிந்து வந்ததும் ரேவதி கை கழுவிவிட்டு என் பின்னால் வந்து நிற்பாள். அந்த வடுவின்மேல் விரலை வைப்பாள். வைத்திருக்கிறாள் என்பது அவள் கேட்கும்போதுதான் எனக்குத் தெரியும்.

"உரி இதெயா?"

இப்போது கேள்வி நன்றாகப் புரிகிறது.

"இல்லா" என்கிறேன்.